சாலைக்கு வயது எழுதும் கணக்கு

தமிழ்நாட்டின் எந்தப் பழைய நகரத்திலும் காணக்கூடிய ஒரு காட்சி பட்டுக்கோட்டையிலும் உண்டு. சாலை உயர்ந்து நிற்கும். அதை ஒட்டிய பழைய ஓட்டு வீடு தாழ்ந்து கிடக்கும். தாத்தா காலத்தில் படியேறிப் போன திண்ணைக்கு இன்று படியிறங்கிப் போக வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தெருத்தண்ணீர் நேரே நடைக்குள் வரும். வீடு எதுவும் பூமிக்குள் இறங்கிவிடவில்லை. சாலை போடத் தீர்மானம் நிறைவேறிய ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் முதுகிலேயே புதிய சாலை ஏறியது. ஒரு தடவைக்குச் சில சென்டிமீட்டர்தான். அரை நூற்றாண்டு நகர்மன்றத் தீர்மானங்கள் அந்த வாசலில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். பொறியாளர்கள் இதை ‘மில்லிங்’ என்கிறார்கள்.

நகராட்சியின் வரவு செலவுத் திட்டம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அரைப் பத்தியாக வரும். இத்தனை லட்சத்தில் வடிகால், இத்தனை லட்சத்தில் பேவர் பிளாக், இத்தனை லட்சத்தில் மேல்நிலைத் தொட்டி. பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிற பத்தி அது. அந்த ஒவ்வொரு வரிக்குள்ளும் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்பதை யாராவது நமக்குப் பள்ளியிலேயே சொல்லியிருக்கலாம்.

வடிகாலை எடுத்துக்கொள்வோம். சாக்கடைத் தண்ணீர் தன்னோடு வரும் மண்ணையும் கசடையும் தானே இழுத்துக்கொண்டு போக வேண்டுமானால் அது நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். அதற்குக் கீழே போனால் மண் படியும், புல் முளைக்கும், கொசு குடியேறும். இந்த வேகத்தைத் தருவது பம்பு அல்ல, சரிவு. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889இல் முன்வைத்த சூத்திரத்தின் வழிவந்த கணக்குதான் இன்றும் நம்மூர் உதவிப் பொறியாளரின் எஸ்டிமேட்டில் இருக்கிறது. சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வேகம் மாறும் என்கிறது அது. சரிவு நாலில் ஒன்றாகக் குறைந்தால் வேகம் பாதியாகும்.

நடுத்தர அளவுள்ள தெருவோரச் சாக்கடைக்கு ஐந்நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு கொடுத்தால் தண்ணீர் தாராளமாக ஓடும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் இறங்க வேண்டும். மலையடிவார ஊரில் இது ஒரு பொருட்டே இல்லை, நிலமே இறங்கிக் கொடுத்துவிடும். காவிரி டெல்டாவில் இருக்கும் பட்டுக்கோட்டை நிலம் அப்படி இறங்காது. இங்கிருந்து அதிராம்பட்டினம் கடற்கரைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான். அவ்வளவு தூரத்துக்கும் தரை கிட்டத்தட்டத் தட்டையாகவே போகிறது. ஆகவே வடிகாலின் அடித்தளம் தரையைவிட வேகமாக ஆழத்துக்குப் போகிறது. ஆழம் கூடினால் தோண்டும் செலவு கூடும், சுவரின் கனம் கூடும், நிலத்தடி நீர் ஊறி வந்தால் அதை இறைக்கவும் காசு வேண்டும். ஒரே நீளமுள்ள வடிகாலுக்கு மேட்டு நகரத்தைவிட டெல்டா நகரம் அதிகம் கொடுக்க வேண்டியிருப்பது இதனால்தான். தொகையை மட்டும் பார்த்து ‘இவ்வளவா’ என்று கேட்பதற்கு முன் தரைமட்டத்தையும் பார்க்க வேண்டும்.

டெல்டா விவசாயிக்கு இதெல்லாம் புதிதில்லை. பாசன வாய்க்கால் மேட்டில் ஓட வேண்டும், வடிகால் பள்ளத்தில் ஓட வேண்டும் என்பது அவருக்குப் பிள்ளைப் பருவப் பாடம். மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டத்தில் 1930களில் வந்த கல்லணைக் கால்வாயை, அதாவது புது ஆற்றை, மண்ணின் மட்டத்தை அனுசரித்தே வளைத்து வளைத்துக் கொண்டுவந்தார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், வயல் மனையாகும்போது. பள்ளத்தில் ஓடிய வயல் வடிகால் தெருச் சாக்கடையாகச் சுருங்குகிறது. அதன் மேல் யாரோ ஒரு கடைப்படியைக் கட்டிவிடுகிறார்கள். தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை.

மேல்நிலைத் தொட்டி இன்னொரு அதிசயம். பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர், அடியில் கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தருகிறது. குழாயின் அகலமோ தொட்டியின் பருமனோ அதை மாற்றாது, உயரம் ஒன்றே கணக்கு. ஒரு லட்சம் லிட்டரைப் பதினைந்து மீட்டர் ஏற்ற இயற்பியல் கேட்பது சுமார் நான்கு யூனிட் மின்சாரம்தான். பம்பிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்தால் ஏழெட்டு யூனிட். ஆழ்துளைக் கிணற்றின் அடியிலிருந்து மேலே கொண்டுவருவதற்குத்தான் அதைவிடப் பல மடங்கு செலவு. 2011 கணக்கெடுப்பின்படி பட்டுக்கோட்டை நகராட்சியில் 73,135 பேர். அவ்வளவு பேருக்கும் நாள்தோறும் நீர் ஏறுவதால்தான் நகராட்சிச் செலவில் மின்கட்டணம் அவ்வளவு பெரிய தொகையாக நிற்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. டெல்டா ஊர்களில் ஜெனரேட்டர் வைத்துத் தொட்டிக்கு நீர் ஏற்றினார்கள். மார்ச்சில் எழுதும் பட்ஜெட்டில் நவம்பர் புயலுக்கு இடம் கிடையாது.

பணம் எங்கிருந்து வருகிறது? சொத்து வரி என்று ஆறு மாதத்துக்கொரு முறை நாம் கட்டுவது ஒரே தொகையாகத் தெரிந்தாலும் உள்ளே பல பங்காகப் பிரிகிறது. நகராட்சிக் கணக்கில் பொது நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என மூன்று தனிப் புத்தகங்கள். இவை போக, சொத்து வரியின் மேல் பத்து சதவீதம் நூலக வரியாக வசூலாகி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. அதற்கு வழி திறந்தது 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டம். அதன் பின்னால் இருந்தவர் டெல்டாவின் சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். வரி கட்டும் ஒவ்வொரு வீடும் ஒரு வாசகசாலைக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

சொந்த வரி போதாது. மாநில நிதிக்குழு பிரித்துத் தரும் பங்கும் மத்திய நிதிக்குழு மானியமும் வேண்டும். 15ஆவது நிதிக்குழு சிறு நகரங்களுக்குத் தந்த மானியத்தில் அறுபது சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப் போடப்பட்டது. கையில் பணம் இருந்தும் தெருவிளக்கு வாங்க முடியாமல் போவது இதனால்கூட இருக்கலாம்.

பெரிய வேலைகளுக்குக் கடன் வாங்குவதும் இந்த மண்ணில் பழைய வழக்கம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வந்த அறக்கொடைக் காசை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்ட ஒப்புக்கொண்ட செய்தி வருகிறது. பன்னிரண்டரை சதவீதம்! நம் காலத்திலும் அது நடந்தது: 2002இல் தமிழ்நாட்டின் பத்துக்கும் மேற்பட்ட நகர்ப்புற உள்ளாட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டன. தனியாகப் போனால் சந்தை திரும்பிப் பார்க்காத சிறிய ஊர்கள் அவை. கடன் ஒருபுறமிருக்க, சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைக்காக மக்களே வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டினார்கள். குழாய் பதிப்பதற்கு முன்பே கட்டினார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

ஆனால் எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பூட்டுவது தேய்மானம். முன்பு நகராட்சிகள் வந்த ரொக்கம், போன ரொக்கம் என்று மட்டும் எழுதின. முப்பது லட்சத்துக்குச் சாலை போட்டால் அந்த ஆண்டோடு செலவு முடிந்தது. அப்புறம் அந்தச் சாலை புத்தகத்தில் எங்குமே இல்லை. நியூசிலாந்து அரசு 1990களின் தொடக்கத்தில் இந்த முறையை மாற்றியது. தமிழ்நாடு 2000-2001இல் தன் நகராட்சிகள் எல்லாவற்றிலும் மாற்றியது. இந்தியாவில் முதலில் செய்த மாநிலங்களில் ஒன்று. இப்போது சாலை ஒரு சொத்து. பத்தாண்டு ஆயுள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு மூன்று லட்சம் தேய்ந்ததாக எழுத வேண்டும். அதற்காக யாரும் ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் லாரி ஏறி, மழை ஊறி, வெயில் தாரை வறட்டியதெல்லாம் ரூபாயாகிப் பேரேட்டில் ஏறிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிதைவை வருடந்தோறும் அளந்து எழுதுகிறது ஒரு சிறு நகரத்தின் கணக்குப் பிரிவு. அந்த மூன்று லட்சத்தை ஒதுக்கிவைக்காத நகராட்சி உபரி காட்டினாலும் உண்மையில் அது தன் சாலையைத்தான் தின்றுகொண்டிருக்கிறது.

2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபை கூடுகிறது. கிராம சபைபோல, வார்டுக்குள் இருப்பவர்கள் உட்கார்ந்து பேசும் இடம் அது. அங்கே தெருவிளக்கு எரியவில்லை என்ற புகாரோடு இன்னும் இரண்டைக் கேட்கலாம். எங்கள் தெரு வடிகாலின் தொடக்க மட்டம் என்ன, முடிவு மட்டம் என்ன? எங்கள் சாலைக்கு இந்த ஆண்டு எவ்வளவு தேய்மானம் எழுதினீர்கள், அதில் எவ்வளவு பராமரிப்புக்குப் போனது? முதலாவதற்கு அளவுப் புத்தகத்திலும் இரண்டாவதற்குச் சொத்துப் பதிவேட்டிலும் விடை இருக்க வேண்டும்.