மனவடுவை ஆற்றக் கற்பிப்போம்: உளநலப் பணியாளர் பயிற்சியும் எமது கடமையும்

நியூ ஜேர்சியில் வாழும் எம்மவர் குடும்பம் ஒன்றிலே வயதான தாயார் ஒருவர் உள்ளார். ஆண்டுதோறும் யூலை 4 ஆம் நாள் இந்நாட்டவர் வாணவேடிக்கை விட்டுக் கொண்டாடும் இரவில், அவர் உடுப்பு அலுமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக் கொள்வார். ஏனைய நாட்களிலே நெஞ்சு அடைக்கிறது, தலை விறைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்று முறையிடுவார். பிள்ளைகள் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். இருதயம் சோதிக்கப்பட்டது, இரத்தமும் சோதிக்கப்பட்டது. யாதொரு நோயும் இல்லையென்று சொல்லி அனுப்பி விட்டனர்.

ஷெல் வீழ்ந்த வீட்டிலே கணவரின் உடலை விட்டுவிட்டு ஓடி வந்தவர் அவர். இதனை எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பதற்கென்று அருகில் நின்றவன் பதினொரு வயதுப் பேரன். பேரனின் வாயால் அதைச் சொல்விக்க எந்த அம்மம்மாவுக்கு மனம் வரும்?

அம்மருத்துவர் இரக்கமற்றவர் அல்லர். இவ்விடயத்தில் அவருக்குப் பயிற்சி இல்லை, அவ்வளவே. எனவேதான் உளநலப் பணியாளரைப் பயிற்றுவித்தல் என்னும் விடயம் அறிஞர்களின் மாநாட்டு மண்டபத்துக்கு மாத்திரம் உரியதன்று, எமது வீடுகளுக்கும் உரியது என்கிறோம்.

இந்நாடு கற்ற பாடம்

வியட்நாம் போர் 1975 இல் முடிவுற்றது. அங்கிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினர் பலர் இரவில் அலறி எழுந்தனர்; சிறு ஓசைக்கும் நிலத்தில் வீழ்ந்து படுத்தனர்; மனைவி மக்களோடு பேச்சை நிறுத்தினர். இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கி, 1980 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தனது நோய் வகைப்பாட்டு நூலிலே ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ என்பதைச் சேர்த்துக் கொண்டது. 1989 இல் முன்னாள் படையினர் திணைக்களம் இந்நோய்க்கெனத் தேசிய நிலையம் ஒன்றை நிறுவியது. அதன் பிரிவுகளுள் ஒன்று எமது மக்கள் பலர் வாழும் கலிபோர்னிய வளைகுடாப் பகுதியிலே, பாலோ ஆல்ட்டோ மருத்துவ அமைப்பைச் சார்ந்து இயங்கி வந்தது.

அத்திணைக்களம் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலிருந்து தனது சிகிச்சையாளர்களுக்கு நாடளாவிய பயிற்சியைத் தொடங்கியது. அப்பயிற்சியின் அமைப்பு கவனிக்கத்தக்கது. முதலிலே சில நாட் பட்டறை. அதன்பின் பல மாதங்கள், பயிலுநர் மெய்யான நோயாளரைப் பார்த்தவாறே, அனுபவம் மிக்க ஒருவரிடம் கிழமைதோறும் கலந்தாலோசித்துத் திருத்தம் பெற வேண்டும். ஒரு நாட் கருத்தரங்கில் அமர்ந்து சான்றிதழ் பெற்றவரெல்லாம் மனவடுவைத் தொடத் தகுதியுடையவர் ஆகார் என்பதே இதன் பொருள்.

அகதிகளுக்கான முயற்சிகளும் ஒருபுறம் வளர்ந்தன. இந்தோசீன அகதிகளுக்காக றிச்சர்ட் மொல்லிக்கா என்னும் உளமருத்துவர் 1981 இல் மசாசூசெற்சிலே தொடங்கிய பணி, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் அகதி மனவடுத் திட்டமாக வளர்ந்தது. 1985 இல் மினசோட்டாவிலும், 1995 இல் நியூ யோர்க்கின் பெல்வியூ மருத்துவமனையிலும் சித்திரவதைக்குள்ளானோருக்கான நிலையங்கள் தோன்றின.

2003 இல், பெல்வியூ நிலையத்தாரும் மனித உரிமைகளுக்கான மருத்துவர் அமைப்பினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நியூ ஜேர்சியின் எலிசபெத் தடுப்பு நிலையம் உட்படப் பல இடங்களில் அடைக்கப்பட்டிருந்த 70 தஞ்சக் கோரிக்கையாளரை அவர்கள் பரிசோதித்திருந்தனர். அவர்களுள் 86 வீதமானோரிடம் மனச்சோர்வும், 77 வீதமானோரிடம் பதகளிப்பும், 50 வீதமானோரிடம் மனவடு நோயும் காணப்பட்டன. தடுப்புக் காலம் நீள நீள நோயும் கடுமையாயிற்று. பிறந்த மண்ணில் பட்ட காயம் வந்த மண்ணிலும் கீறப்படலாம் என்பதற்கு இது சான்று.

எமது மண்ணில் நடந்தது

இத்துறையிலே எம்மவர் வெறும் நோயாளராக மட்டும் இருந்தவர் அல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் நடுவே இருந்தவாறே எம்மக்களின் உளக் காயங்களை ஆராய்ந்து 1998 இல் ஆங்கிலத்திலே நூலாக வெளியிட்டார். உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க தொகையினராக இருந்த அந்நாளில், பல்லாயிரவரை அவர்களால் எவ்வாறு பார்க்க இயலும்? ஆகவே ஆசிரியர், கிராம அலுவலர், சுகாதாரப் பணியாளர் ஆகியோர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையமும் ஆக்கிய கைந்நூல் எமது வாழ்க்கைக்கு ஏற்பத் தமிழிலே மாற்றி எழுதப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சாந்திகம் போன்ற நிறுவனங்கள் சீர்மியப் பணியை முன்னெடுத்தன.

அப்பயிற்சியிலே எமது வழக்கங்களுக்கும் இடம் இருந்தது. சைவருக்கு மந்திர செபம், கிறித்தவருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ரு என, அவரவர் அறிந்தவற்றையே மனத்தைத் தளர்த்தும் பயிற்சிகளாகக் கையாண்டனர். எட்டும் அந்தியேட்டியும் செய்ய இயலாமற்போனவர்க்கு அச்சடங்கை நிறைவேற்ற உதவுதலும் சிகிச்சையின் ஒரு பகுதியே என உணர்ந்தனர். ஒப்பாரி வைத்து அழ இடமில்லாத துக்கம் உடலில் நோயாக இறங்குகிறது.

2004 டிசெம்பர் 26 ஆம் நாட் கடற்கோளின் பின்னர், யேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தாரிடம் பயிற்சி பெற்ற எமது ஆசிரியர்களே வடகிழக்கின் முகாமிலே பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்தனர். கரும்பலகையின் முன் நின்ற காலத்தில் இத்தகைய பயிற்சி எமக்குக் கிட்டியிருப்பின், வகுப்பில் பேசாமலே இருந்த எத்தனையோ பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று கண்டித்திருக்க மாட்டோம். இவ்வெண்ணம் இன்றும் எம்மை வருத்துகின்றது.

அப்பல்கலைக்கழகத்தார் வளர்த்த முறையை வளர்ந்தோருக்கும் பயன்படுத்துகின்றனர். ஒருவரின் வாழ்நாளைக் குறிக்க நிலத்திலே கயிறொன்று விரிக்கப்படும். இன்ப நிகழ்வுகளுக்குப் பூவும் கொடிய நிகழ்வுகளுக்குக் கல்லும் அதன்மேல் வைக்கப்படும். பின்னர் பிறப்பு முதல் இன்று வரையான கதையை அவர் சிறிது சிறிதாகச் சொல்ல, சிகிச்சையாளர் எழுதிக் கொள்வார். உகண்டாவின் நக்கிவாலே குடியேற்றத்தில் ருவாண்டா, சோமாலியா நாட்டு அகதிகள் 277 பேரிடம் நடந்த ஆய்வு 2008 இல் வெளிவந்தது. அங்கே சிகிச்சை அளித்தோர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். குறுகிய காலப் பயிற்சி பெற்ற அகதிகளே. இம்முறையிற் சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழப் பத்தில் எழுவரிடம் நோய் பின்னர் காணப்படவில்லை. சிகிச்சை பெறாது கண்காணிக்கப்பட்டோரில் அவ்வாறு குணமடைந்தோர் பத்தில் நால்வருக்கும் குறைவு.

பயிற்சியிலே இருக்க வேண்டியவை

முதலாவது, அவசரப்படாமை. ஜூடித் ஹேர்மன் என்னும் அமெரிக்க உளமருத்துவர் 1992 இல் எழுதிய நூலிலே மீட்சியை மூன்று படிகளாக வகுத்தார்: பாதுகாப்பை உறுதி செய்தல், நினைந்து துக்கித்தல், மீண்டும் மனிதரோடு இணைதல். தங்க வீடும் வதிவிட உரிமையும் இல்லாத ஒருவரிடம் முதற்சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டும்படி வற்புறுத்தல் தகாது. அனர்த்தம் நிகழ்ந்தவுடன் ஒரேயொரு முறை அமர்த்திப் பேசவைக்கும் வழக்கம் பயன் தரவில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடிந்தது என ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரண்டாவது, உடலின் மொழியை அறிதல். எம்மவர் ‘மனம் சரியில்லை’ என்று சொல்வது அரிது. ‘நெஞ்சு அடைக்கிறது’ என்பார்கள். மூன்றாவது, மொழிபெயர்ப்பாளருடன் பணியாற்றும் முறை. நான்காவது, பிறர் துன்பத்தை நாள்தோறும் கேட்கும் பணியாளர் தம்மையும் காத்துக் கொள்ளல்.

நாம் செய்யத்தக்கவை

மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள், ஆங்கிலம் அறியாதோர்க்குக் கட்டணமின்றி மொழி உதவி வழங்கக் கடமைப்பட்டவை. 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டம் இதற்கு அடிப்படை. எனவே பிள்ளைகளை முன்னிறுத்தாது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனத் துணிந்து கேளுங்கள். எமது ஊரவர் சிலர் கேட்டுவிடுவர் என்று அஞ்சினால், தொலைபேசி மூலம் வேற்றூர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

டெக்சாஸ் எல்லை வழியாகவோ விமானம் மூலமோ வந்து தஞ்சம் கோருவோர் இதனையும் அறிதல் நன்று. வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். எனினும் துன்புறுத்தலால் விளைந்த உளப் பாதிப்பு தாமதத்துக்குக் காரணமாயின், அதனை விதிவிலக்காகக் கருத விதிகளில் இடமுண்டு. நாட்களையும் இடங்களையும் மாறுபடச் சொல்லுதல் பொய்யின் அடையாளம் அன்று, மனவடுவின் விளைவாகவும் இருக்கக்கூடும் என்பதைப் பயிற்சி பெற்ற மருத்துவரின் அறிக்கை நீதிபதிக்கு விளக்கும். வழக்கறிஞரிடம் இதுபற்றிக் கேளுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுமாயின் பகலிரவு எந்நேரமும் 988 என்னும் எண்ணை அழைக்கலாம்.

இறுதியாக, எமது இளைஞருக்கு ஒரு வார்த்தை. கணினியும் பொறியியலும் மருத்துவமும் கற்பது நன்றே. எனினும் உளவியலும் சமூகப் பணியும் கற்கவும் சிலர் முன்வர வேண்டும். பெற்றோர் அதனைத் தடுத்தலாகாது. எத்தனை நல்ல அமெரிக்கச் சிகிச்சையாளர் பயிற்றப்பட்டாலும், 2009 மே மாதத்து முள்ளிவாய்க்காலை முதலிலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையின்றி ஒருவர் எதிரே அமர்ந்து கேட்பது வேறு.

நாம் குறிப்பிட்ட தாயார் இப்பொழுது மாதமிருமுறை சிகிச்சையாளர் ஒருவரிடம் செல்கிறார். பேரன் அறைக்கு வெளியே இருக்கிறான். தொலைபேசியிலே தமிழ்ப் பெண்மணி ஒருவர் மொழிபெயர்க்கிறார். நெஞ்சு இன்னும் சில இரவுகளில் அடைக்கத்தான் செய்கிறது. ஆயினும் கணவரின் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி அழுததாக மகள் எமக்குக் கூறினார். அந்தியேட்டி செய்ய ஐயரிடம் நாளும் கேட்டிருக்கிறார்களாம்.