பெரம்பூர் கடைக்காரர்கள் போட்ட மேடை: இதெல்லாம் தெரியுமா?

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எந்த ஊரில் பிறந்தது தெரியுமா? பம்பாயில் இல்லை, கல்கத்தாவிலும் இல்லை. நம்ம பெரம்பூரில்! அதைவிடப் பெரிய ஆச்சரியம், அதற்கு வித்திட்டவர்கள் வக்கீல்களோ பெரிய அரசியல் தலைவர்களோ கிடையாது. ஒருவர் துணி வியாபாரி, செல்வபதி செட்டியார். இன்னொருவர் அரிசி வியாபாரி, ராமாநுஜலு நாயுடு. இரண்டு சின்னக் கடைக்காரர்கள்!

நடந்தது என்ன? பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் ஓகோவென்று ஓடிக்கொண்டிருந்த காலம். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். சுற்றுவட்டாரக் கடைகளுக்கு அவர்கள்தான் வாடிக்கை. வேட்டி வாங்க வந்தவர் வேட்டியை வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுவாரா? மனசில் இருப்பதையும் சொல்லிவிட்டுத்தானே போவார்! மதியச் சாப்பாட்டுக்கு விடுவதே அரை மணி நேரம், போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கேட்டைச் சாத்திவிடுகிறார்கள் என்பது போன்ற குறைகள் அந்த இரண்டு வியாபாரிகளின் காதில் நாள்தோறும் விழுந்தன. கல்லாவைப் பார்த்துக்கொண்டு காதை மூடிக்கொள்ளவில்லை அவர்கள். கேட்டார்கள். மறக்காமல் மனசில் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று தெரியுமா? இந்த இருவரும் பெரம்பூரில் ஒரு சபை நடத்தி வந்தார்கள். பெயர் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. பக்திச் சொற்பொழிவு கேட்க மில் தொழிலாளர்கள் அங்கே கூடுவார்கள். 1918 மார்ச்சில் அந்த மேடைக்கு அழைக்கப்பட்டவர் யார்? ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி.க.! ஆன்மிகம் பேச வந்த மேடையில் தொழிலாளர் வாழ்க்கையும் பேச்சுக்கு வந்தது. அதோடு விட்டார்களா இரண்டு வியாபாரிகளும்? அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகை அலுவலகத்துக்கே போய், பி.பி.வாடியாவைப் பார்த்துப் பெரம்பூருக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். வாடியா பம்பாய்ப் பார்சி. தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேசியதை உடனுக்குடன் தமிழில் சொன்னார்கள். மொழி தெரியாதவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள் ஜனங்கள்!

1918 ஏப்ரல் 27. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர், பொதுச் செயலாளர்கள் நம்ம துணிக்கடைக்காரரும் அரிசிக்கடைக்காரரும். வாடியாவின் பேச்சு எவ்வளவு தூரம் சுட்டது என்றால், அவர் மீது பின்னி கம்பெனி உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டது. சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் நாடு முழுக்க எழ அந்த வழக்கும் காரணம். 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. யோசித்துப் பாருங்கள், இத்தனைக்கும் தொடக்கம் ஒரு கடை வாசலில் நடந்த பேச்சு!

அவர்கள் வியாபாரம் பெருகுவதற்காக இதைச் செய்யவில்லை. ஆனாலும் இன்றைக்குச் சின்னத் தொழில் நடத்துகிற ஒவ்வொருவரும் இந்தக் கதையைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். மேடைப் பேச்சு என்றால் தொண்டை கிழிய முழங்குவது, நெட்வொர்க்கிங் என்றால் கையில் கட்டுக் கட்டாக விசிட்டிங் கார்டோடு சுற்றுவது என்று நினைக்கிறோமே, அந்த இருவரும் வேறு விதமாகச் செய்தார்கள். வாடிக்கையாளர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். நாலு பேர் கூட ஓர் இடம் ஏற்படுத்தினார்கள். பேசத் தெரிந்தவரைத் தேடிப்போய் அழைத்து வந்தார்கள். யாருக்கு யாரைத் தெரிய வேண்டுமோ அவர்களைச் சேர்த்து வைத்தார்கள். இதற்குக் கம்பீரக் குரல் எதற்கு?

சரி, தமிழில் மேடையேறிப் பேசும் வழக்கத்துக்கே எத்தனை வயது தெரியுமா? கதாகாலட்சேபமும் புராணம் படிப்பதும் பழையவை. ஆனால் எதிரே இருக்கும் கூட்டத்தைப் பார்த்து ஒருவர் தன் கருத்தை உரைநடையில் எடுத்துச் சொல்வது? யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 அன்று ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கம் அதில் ஒரு பெரிய மைல்கல். பாதிரிமார்களின் பிரசங்க முறையை அருகிலிருந்து பார்த்தவர் அவர். அந்த முறையை எடுத்துச் சைவத்துக்கு வைத்தார்! அரசியல் மேடைக்குத் தமிழ் வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. சுதேசி இயக்கக் காலம் வரை அங்கே ஆங்கிலம்தான் கோலோச்சியது.

அதே சுதேசிக் காலத்தில், பேச்சை வைத்தே ஒரு கப்பல் கம்பெனிக்கு முதல் திரட்டியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை! சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. முதலீடு 10 லட்சம் ரூபாய். எப்படித் திரட்டுவது? ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். நாலு பணக்காரர்களைப் பிடித்தால் முடிகிற வேலை இல்லை இது. ஊர் ஊராகப் போய், சின்ன வியாபாரிகளிடமும் பேசி நம்பிக்கை ஊட்டி, பங்கு வாங்க வைக்க வேண்டும். பேசினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘காலியா’, ‘லாவோ’ என்ற சொந்தக் கப்பல்கள் ஓடின! 1908 மார்ச்சில் அவரைச் சிறையில் தள்ளாமல் அரசாங்கத்தால் அந்தக் குரலை அடக்க முடியவில்லை.

வடசென்னைக்கே திரும்புவோம். ராயபுரம் ராபின்சன் பூங்கா! 1949 செப்டம்பர் 18, கொட்டும் மழை. திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் அங்கேதான் நடந்தது. நனைந்துகொண்டே நின்று கேட்டது கூட்டம். அந்தப் பேச்சுகளை மறுநாள் ஊருக்குள் கொண்டுபோனவை எவை? டீக்கடைகளும் முடிதிருத்தும் கடைகளும் படிப்பகங்களும்! அங்கே ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். சின்னக் கடை என்பது நம் ஊரில் எப்போதுமே பேச்சு கைமாறும் இடம்.

வியாபாரிகள் ஒன்றுகூடுவது வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சுமத்ராத் தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற துறைமுகம். கற்பூரத்துக்குப் பேர்போன இடம். அதன் அருகே லோபு துவா என்ற ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆண்டு 1088! அங்கே வியாபாரம் செய்த ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர், கரையிறங்கும் கப்பல்காரர்கள் கஸ்தூரி விலையைக் கணக்கு வைத்துப் பொன்னாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தாய்லாந்தின் தகுவாபாவிலோ அதற்கும் முன்பே, 9ஆம் நூற்றாண்டில், மணிக்கிராமத்தார் ஒரு குளத்துக்குக் காவலாக இருந்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு. தெரியாத தேசத்தில் தனி ஆளாகக் கடை விரித்தால் ஏமாற்றிவிடுவார்கள், குழுவாக நின்றால் பேரம் பேசலாம் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

சென்னையில் ஐரோப்பிய வியாபாரிகள் தங்களுக்கென்று வர்த்தக சபை அமைத்துக்கொண்டது 1836இல். இந்திய வியாபாரிகளுக்கு அப்படி ஒன்று வர 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென்னிந்திய வர்த்தக சபை அது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் வண்ணாரப்பேட்டையின் பிட்டி தியாகராயர், நெசவுத் தொழில் நடத்தியவர். பல ஆண்டுகள் அதன் தலைவரும் அவரே. வடசென்னைக்காரர்!

வெளிநாட்டுக் கதைகளும் சளைத்தவை அல்ல. 1905 பிப்ரவரி 23. சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு கூடினார், ரோட்டரி பிறந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது ஆரம்ப கால ஏற்பாடு. 1929இல் சென்னைக்கும் வந்துவிட்டது. அந்த ‘ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்’ யோசனையை 1985இல் மறுபடி கையில் எடுத்தார் ஐவன் மைஸ்னர். அவர் தொடங்கிய பி.என்.ஐ. இன்று சென்னையிலும் வாரா வாரம் கூடுகிறது. குழுவில் ஒரு எலெக்ட்ரீஷியன் இருந்தால் இன்னொரு எலெக்ட்ரீஷியனுக்கு இடமில்லை. ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் போலத் தன் தொழிலைச் சொல்ல வேண்டும். பிறகு, எனக்கு இன்னாரைத் தெரியும் என்று ஒருவருக்கொருவர் ஆர்டர் கைகாட்டுவார்கள். கட்டணம் உண்டு. அது உங்கள் தொழிலுக்குக் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுவிட்டுச் சேருவதே நல்லது.

பேசிப் பழகவே ஒரு கிளப் வேண்டுமா? 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவில் சாந்தா ஆனா ஒய்.எம்.சி.ஏ.வில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் அதற்குத்தான். நீங்கள் பேசும்போது ஒருவர் கடிகாரம் பார்ப்பார். இன்னொருவர் எத்தனை முறை ‘ஆ...’ ‘ம்...’ என்று இழுத்தீர்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பார்! திடீரென்று ஒரு தலைப்பைக் கொடுத்து ஓரிரு நிமிடம் பேசச் சொல்வார்கள். பார்ட்டி எதிரே உட்கார்ந்து எதிர்பாராத கேள்வி கேட்கும்போது திணறாமல் இருக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. தமிழில் பேசுகிற கிளப்புகளும் உண்டு.

உங்களுக்கு அடுத்த ஆர்டரைக் கொண்டுவரப்போவது யார் தெரியுமா? உயிர் நண்பனா, உடன்பிறந்தவரா? மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், சொன்னவரை எத்தனை தடவை சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் 17 சதவீதம்தான்! எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 56 சதவீதம், அபூர்வமாகப் பார்ப்பவர் என்றவர்கள் 28 சதவீதம். காரணம் எளிது. நமக்கு நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். கொஞ்சம் தள்ளி இருப்பவர்தான் நாம் போகாத தெருவில் நடமாடுகிறார். அது வேலைக்கு நடந்த ஆய்வு. ஆனால் வியாபாரத்திலும் புது ஆர்டர் அப்படித்தான் வருகிறது என்பதை நான் கண்ணெதிரே பார்த்து வருகிறேன். பழைய வாடிக்கையாளரின் மைத்துனர், ரயிலில் கூட வந்தவர், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் நின்றவர்!

ஆனால் மைக்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறதே என்கிறீர்களா? நடுக்கம் உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை! 2003இல் சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள், பேசப் போகிறவர்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்டுவிட்டுப் போனவர்கள், கேட்காதவர்களைவிட நன்றாகவே பேசினார்கள்! 2014இல் அலிசன் உட் புரூக்ஸ் கண்டது இன்னும் எளிது. பயப்படாதே, அமைதியாக இரு என்று தனக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட, எனக்கு உற்சாகமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் மேடையில் ஜெயித்தார்கள். பயத்திலும் இதயம் அடித்துக்கொள்ளும், உற்சாகத்திலும் அடித்துக்கொள்ளும். பெயரை மாற்றிவிட்டால் போதும்! ரெக்கார்ட் செய்த உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்கவில்லையா? நாம் பேசும்போது நம் குரல் மண்டை ஓட்டு எலும்பு வழியாகவும் காதுக்குப் போவதால் நமக்கு மட்டும் கனமாகக் கேட்கிறது. மற்றவர்கள் இத்தனை வருஷமாக அந்த ரெக்கார்ட் குரலைத்தான் கேட்டு வருகிறார்கள், யாரும் ஓடிப்போகவில்லை.

இப்போது மறுபடி பெரம்பூர். பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. ஆனால் 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்த ஐ.சி.எஃப். இதுவரை 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் பெட்டிகளைக் கட்டியிருக்கிறது. முதல் வந்தே பாரத் 2018இல் அங்கேதான் உருவானது! ஒரு பெட்டிக்குள் எத்தனை ஆயிரம் உதிரிப் பாகங்கள், எத்தனை சப்ளையர்கள்! மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது விதி. அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு. பெரிய நிறுவனங்களும் சின்னப் பட்டறைக்காரர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதற்கென்றே வெண்டர் டெவலப்மென்ட் புரோகிராம் என்று மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. அலுவலகங்கள் கூட்டம் நடத்துகின்றன. இந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிற நம்ம ஆட்கள் பலர் வாயைத் திறக்காமலேயே எழுந்து வந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தரமான வேலை கையில் இருக்கிறது, அதைச் சொல்ல ஒரு நிமிடமும் கிடைத்திருக்கிறது!

அந்த ஒரு நிமிடத்தில் என்ன சொல்வது? வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், ‘வணக்கம், நாங்கள் எல்லா வகையான ஜாப் ஒர்க்கும் தரமாகச் செய்கிறோம்’ என்று சொன்னால் அந்த நிமிஷமே மறந்துபோகும். அதையே இப்படிச் சொல்லட்டும்: ‘பம்ப் ஷாஃப்ட் தேய்ந்து மெஷின் நின்றுபோனால் காலையில் கொண்டுவந்து போடுங்கள், சாயங்காலம் கடைந்து தருகிறேன். மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் யாரையாவது தெரிந்தால் என்னிடம் அனுப்புங்கள்.’ கேட்டவருக்கு ஷாஃப்ட் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். ஆனால் திருவொற்றியூரில் அவருடைய சகலைக்கு மோட்டார் ரிப்பேர் கடை இருக்கிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு காதுகுத்து.