உங்களுக்குத் தெரியுமா? மூன்று மனைவியர், ஒரு சொத்து

மூன்று மனைவியருக்கு முறையே 100, 200, 300 என்று எழுதிக்கொடுத்தவர் இறந்துபோகிறார். விட்டுச்சென்ற சொத்தோ போதாது. எப்படிப் பிரிப்பது? யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான தால்முத் சொல்லும் தீர்ப்பு விசித்திரமானது. சொத்து 100 என்றால் சமபங்கு. 300 என்றால் 50, 100, 150. 200 என்றாலோ 50, 75, 75! இதென்ன கணக்கு என்று பல நூற்றாண்டுகளாக அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

1985-இல் ராபர்ட் ஆமன், மைக்கேல் மாஷ்லர் என்ற இரு கணித அறிஞர்கள் ஆட்டக் கோட்பாட்டை வைத்து முடிச்சை அவிழ்த்தார்கள். எந்த இருவரை எடுத்தாலும் விதி ஒன்றுதான்: தகராறு இல்லாத தொகை உரியவருக்கு, தகராறில் உள்ளது ஆளுக்குப் பாதி. சொத்து 200 என்றால் முதல் இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது 125. முதலாமவர் கேட்பதே 100தான். ஆக, 25 தகராறின்றி இரண்டாமவருக்கு. மீதி 100-இல் ஆளுக்கு 50. கூட்டினால் 50, 75. அவ்வளவுதான்!

2000-இல் மாரெக் காமின்ஸ்கி இதையே குழாயால் இணைத்த பாத்திரங்களாக்கிக் காட்டினார். தண்ணீரை ஊற்றினால் அதுவே மட்டம் தேடிப் பங்கு பிரித்துவிடும். ஆமனுக்கு 2005-இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

300-க்கும் இந்த விதி பொருந்துகிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.