திருத்தணிக்கு எச் உண்டா?

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகளின் பட்டியலில் 3-ஆவது திருத்தணி, 4-ஆவது திருவள்ளூர். இரண்டும் ஒரே மாவட்டம். இரண்டுக்கும் முன்னால் நிற்பது ஒரே 'திரு'. ஆனால் தேர்தல் ஆணையத்தின் ஆங்கிலப் பட்டியலில் திருத்தணியின் திருவுக்கு டி மட்டும் போதும். அதற்கு அடுத்த வரியில் இருக்கும் திருவள்ளூரின் திருவுக்கு டி-யோடு எச் சேர்ந்துகொள்கிறது. மாவட்ட நிர்வாகத்தின் இணையதள முகவரியில் அதே திருவள்ளூர் எச் இல்லாமல் இருக்கிறது. திருத்தணியில் ரயிலேறி வடக்கே போனால் வரும் திருப்பதிக்கு எச் கிடையாது. கேரளத்தின் தலைநகருக்கு உண்டு.

திருத்தணியை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் எழுத்துக்கு டி, அல்லது டி-எச்: இரண்டு வழி. நடுவிலுள்ள 'த்த'வுக்கு ஒற்றை டி, இரட்டை டி, ஒரு டி-எச், இரண்டு டி-யும் ஒரு எச்சும், டி-எச் இரண்டு முறை: ஐந்து வழி. பெருக்கினால் 10. வழக்கில் இல்லாதது என்று இவற்றில் ஒன்றையும் தள்ளிவிட முடியாது; கடைப் பலகை, பேருந்து முகப்பு, கல்யாணப் பத்திரிகை என்று தேடினால் ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கும்.

இதற்குக் காரணம் எவருடைய கவனக்குறைவும் இல்லை. 'த' சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுகிறது. 'ட' சொல்லும்போது வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. ஆங்கிலேயர் நாவில் டி பிறப்பது இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே, பல்லீறின் மேட்டில். ஆகவே நம் இரண்டு ஒலிகளில் எதற்கும் அந்த எழுத்து முழுதாகப் பொருந்துவதில்லை; இரண்டுக்கும் அதையே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. வடநாட்டு மொழிகளில் மூச்சைச் சேர்த்துச் சொல்லும் 'த' ஒன்று தனியாக உண்டு. அங்கே எச் அந்த மூச்சைக் காட்டப் போய்விட்டது. சாதாரண 'த'வுக்கு வெறும் டி. தமிழில் அந்த மூச்சொலி இல்லாததால் எச் வேலையில்லாமல் இருந்தது. 'ட' வேறு, 'த' வேறு என்று காட்ட அதை நாம் எடுத்துக்கொண்டோம். வடக்கே லதா எச் இல்லாமலும் இங்கே லதா எச்சோடும் கையெழுத்துப் போடுவது இதனால்தான்.

19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் வில்சன் ஹண்டரின் பெயரால் வந்த ஒலிபெயர்ப்பு முறையை இந்திய அரசு தன் வரைபடங்களுக்கும் விவரச் சுவடிகளுக்கும் எடுத்துக்கொண்டது. அது வடக்கின் கணக்கு. எச் இல்லாத திருத்தணி அந்த வழியில் வந்தது. எச் உள்ள திருத்தணி ஊர் மக்களின் கையிலிருந்து வந்தது. 2001-ல் வந்த ஐஎஸ்ஓ 15919 என்ற பன்னாட்டுத் தரம் 'ண'வின் கீழ் புள்ளி வைத்து, எழுத்துக்கு எழுத்து பிசகாமல் தமிழுக்குத் திரும்பக் கொண்டுவரும் வழியைத் தருகிறது. ஆனால் கைப்பேசியில் ஊர்ப் பெயரைத் தேடுகிறவர் யாரும் புள்ளி வைத்துத் தட்டுவதில்லை.

இப்போது ஒருவர் இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில் இந்த ஊரைப் பற்றி எழுத உட்காருகிறார். பத்தில் எதைத் தலைப்பாக வைப்பார்?

அதன் மென்பொருள் ஒரு பக்கத்துக்கு ஒரு தலைப்பைத்தான் ஏற்கும். ஒரே தலைப்பில் இரண்டு பக்கங்களையும் அனுமதிக்காது. உள்ளே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் உண்டு. பக்கத்தை வேறு பெயருக்கு 'நகர்த்தும்'போது அந்த எண் மாறாது; யார் எந்த வரியை எப்போது எழுதினார் என்ற வரலாறு முழுவதும் கூடவே போகும். பழைய பெயரில் ஒரு வழிமாற்று நின்றுவிடும். மற்ற ஒன்பது எழுத்துக்கூட்டல்களுக்கும் இப்படி ஒரு வழிமாற்றை வைத்துவிட்டால், எதைத் தட்டினாலும் வாசகர் அதே பக்கத்தில்தான் வந்து சேர்வார். வழிமாற்று ஒரு தாவல்தான் தாவும் என்பது இதில் ஒரு நுணுக்கம். பெயரை இரண்டு முறை மாற்றிவிட்டால் முதல் வழிமாற்று இன்னொரு வழிமாற்றில் போய் முட்டி நின்றுவிடும். அப்படி நிற்பவற்றைத் தேடிச் சரிசெய்யவே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எந்தப் பெயரில் தேடினாலும் பக்கம் கிடைக்கும் என்றால் சண்டை எதற்கு என்று கேட்கலாம். மேலே பெரிய எழுத்தில் நிற்பது ஒன்றுதான். தேடுபொறி அதைத்தான் காட்டும். மாணவர் அதைத்தான் பார்த்து எழுதுவார். நாளிதழின் உதவி ஆசிரியர் அவசரத்தில் அதைத்தான் சரிபார்ப்பார். சம்பளம் வாங்காமல், பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுதுகிறவர்கள் ஒரு எச்சுக்காகப் பக்கம் பக்கமாக வாதாடுவதை வெட்டி வேலை என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்த வாதங்களைப் பொறுமையாகப் படித்தால் ஊரின் நிலவியல், இலக்கணம், அரசாணை, ரயில்வே அட்டவணை எல்லாம் சான்றாக வந்து குவிவது தெரியும். தலைப்பில் கருத்து வேறுபாடு வந்திராவிட்டால் அவற்றை யாரும் தேடியே இருக்க மாட்டார்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் தலைப்புக்கு ஐந்து குணங்கள் கேட்கிறார்கள்: வாசகருக்குத் தெரிந்த பெயராக, இயல்பாகத் தேடும் பெயராக, வேறொன்றோடு குழம்பாததாக, சுருக்கமாக, அதே வகைக் கட்டுரைகளோடு ஒத்துப்போவதாக இருக்க வேண்டும். அரசு வைத்த பெயர் என்பதாலேயே ஒன்று தலைப்பாகிவிடாது. நம்பகமான நூல்களிலும் இதழ்களிலும் எது அதிகம் புழங்குகிறது என்று பார்ப்பார்கள். முடிவு தலை எண்ணி வருவதில்லை. வழக்கமாக ஏழு நாள் விவாதம் நடந்த பிறகு, அதில் கலந்துகொள்ளாத ஒருவர் சான்றுகளின் கனத்தைப் பார்த்து முடித்துவைப்பார். உக்ரைன் தன் தலைநகரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை உக்ரைனிய உச்சரிப்புக்கு மாற்றும்படி 2018 முதல் உலகத்தைக் கேட்டுவந்தது. பெரிய செய்தி நிறுவனங்கள் மாறிய பிறகு, 2020 செப்டம்பரில்தான் கட்டுரையின் தலைப்பு மாறியது. தயிரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் எச் உண்டா இல்லையா என்ற வாதம் ஏறக்குறைய 8 ஆண்டு ஓடி, 2011-ல் எச் இல்லாமல் முடிந்தது.

அரசாணையை உடனே பின்பற்றாத இந்த விதி எவ்வளவு விவேகமானது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணையை வெளியிட்டது. கோயம்புத்தூர், எழும்பூர், வேலூர் எல்லாம் புது எழுத்துகளோடு வந்தன. நோக்கம் நல்லது, ஆனால் நீண்ட உயிரையும் 'த்த'வையும் காட்டக் கையாண்ட முறை பலருக்குப் பிடிக்கவில்லை. அதே மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு வந்த மறுநாளே ஆயிரம் கட்டுரைகளை ஒருவர் நகர்த்தியிருந்தால், அடுத்த வாரம் ஆயிரத்தையும் திருப்பி நகர்த்த வேண்டியிருந்திருக்கும்.

தமிழில் எழுதினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று தோன்றும். திருத்தணியைத் தமிழில் ஒரே விதமாகத்தான் எழுதுகிறோம். ஆனால் மலை மேல் ஏறினால் அடுத்த கேள்வி காத்திருக்கிறது. கோயிலின் ஆவணப் பெயர் அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி திருக்கோயில். மக்கள் சொல்வது திருத்தணி முருகன் கோயில். ஆவணப் பெயரை அப்படியே தலைப்பாக்கினால் திருச்செந்தூரும் அதே பெயரோடு வந்து நிற்கும். ஊர்ப் பெயரைச் சேர்த்தாக வேண்டும். கலைக்களஞ்சிய நடையில் 'அருள்மிகு' என்ற அடைமொழி விழுந்துவிடும். ஆனால் 'திருத்தணி'யில் உள்ள 'திரு'வும் மரியாதைச் சொல்தானே? அது விழாது, ஏனென்றால் அதை நீக்கிவிட்டு யாரும் இந்த ஊரைச் சொல்வதில்லை. 'தணிகை' என்று பக்தர்கள் சொல்வது வேறு பெயர்.

அடுத்து, கோயிலா கோவிலா? நன்னூல் விதிப்படி ஓகாரத்துக்குப் பின் உயிர் வந்தால் இடையில் தோன்ற வேண்டியது வகர மெய். ஆக கோ, இல் சேர்ந்தால் கோவில். ஆனால் நெடுங்கால வழக்கு கோயிலைத் தாங்கி நிற்கிறது. இந்து சமய அறநிலையத் துறையும் திருக்கோயில் என்றே எழுதுகிறது. நாகர்கோவில் போன்ற ஊர்ப் பெயர்களில் வகரம் உறுதியாக உட்கார்ந்திருக்கிறது. இலக்கணம் ஒரு பக்கம், வழக்கு ஒரு பக்கம். ஆயிரக்கணக்கான கோயில் கட்டுரைகளின் தலைப்பில் இரண்டும் கலந்து வரும்போது, ஒத்துப்போக வேண்டும் என்ற விதிக்கு எது அளவுகோல் என்பது எளிதில் தீராத கேள்வி. என்னைக் கேட்டால் பொதுச் சொல்லுக்கு கோயில், ஊர்ப் பெயரில் ஊரார் எழுதுவதுபோல். இதற்கு எதிராகச் சொல்ல வலுவான காரணங்கள் உண்டு என்பதும் தெரியும்.

2003-ல் தொடங்கி 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அதன் தொடக்க ஆண்டுகளில் பெரும் பங்காற்றிய இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். இலங்கைத் தமிழும் தமிழ்நாட்டுத் தமிழும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டிய கட்டாயம் முதல் நாளிலிருந்தே இருந்தது. இங்கே இயற்பியல் என்றால் அங்கே பௌதிகவியல். இங்கே ஆஸ்திரேலியா, அங்கே அவுஸ்திரேலியா. இங்கே டொராண்டோ, அங்கே ரொறன்ரோ. இதோடு கிரந்த எழுத்துகளான ஜ, ஸ, ஷ, ஹ தலைப்பில் வரலாமா என்ற வாதமும் சேர்ந்தது. வடசொல்லை எடுக்கும்போது வடவெழுத்தை விட்டுவிட வேண்டும் என்பது தொல்காப்பியர் நெறி. ஹிட்லரைத் தேடும் பள்ளி மாணவன் 'இட்லர்' என்ற தலைப்பைக் கண்டு திகைப்பானே என்பது எதிர்க்கட்சி. பொது விவாதங்களுக்கு அங்கே வைத்திருக்கும் பக்கத்தின் பெயர் 'ஆலமரத்தடி'.

எனக்குப் பிடித்த தீர்வு தண்ணீரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்று படித்தோம். இலங்கையில் ஐதரசன், ஒட்சிசன் என்று படித்தார்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் தலைப்புகள் ஐதரசன், ஆக்சிசன். ஒன்று யாழ்ப்பாணத்து வடிவம்; மற்றது தமிழ்நாட்டு வடிவத்தில் கிரந்தத்தைக் கழித்தது. இரு கரைக்கும் முழு நிறைவு இல்லை. இரு கரையிலும் படித்தவுடன் புரிகிறது.

திருத்தணிக்கு எழுத்துக்கூட்டலைவிடக் கடினமான ஒரு பெயர்ச் சிக்கல் உண்டு: ஊரின் பெயருக்குப் பின்னால் எந்த மாநிலத்தின் பெயரை எழுதுவது? 1888 செப்டம்பர் 5-ல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தபோது திருத்தணி சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போயிற்று. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு திருத்தணியும் அங்கே சென்றது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கு எல்லைப் போராட்டமும், படாஸ்கர் தந்த எல்லைத் தீர்ப்பும், 1959-ல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1-ல் அதைச் சென்னை மாநிலத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தன. ராதாகிருஷ்ணன் 1952 முதல் 1962 வரை குடியரசுத் துணைத் தலைவர். அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் அவர் பிறந்த ஊர் இரண்டு முறை மாநிலம் மாறியிருக்கிறது.

அவரைத் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்று எழுதினாலும் ஆந்திராவில் பிறந்தவர் என்று எழுதினாலும், 1888-ல் இல்லாத மாநிலத்தை எழுதுகிறோம். இதே சிக்கலைப் பால்டிக் கடலோரத்து போலந்துத் துறைமுகமான க்தான்ஸ்க் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் 2005-ல் தீர்த்தார்கள். ஜெர்மானியர் அதை டான்சிக் என்றனர். நீண்ட பூசலுக்குப் பின் ஒரு வாக்கெடுப்பு நடந்தது: 1308 முதல் 1945 வரையிலான வரலாற்றை எழுதும்போது டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் க்தான்ஸ்க். பெயரைக் காலத்தோடு கட்டிப்போட்டார்கள்.

அதே கணக்கைத் திருத்தணிக்குப் போட்டால், 1888-க்கு வட ஆர்க்காடு மாவட்டம், சென்னை மாகாணம். 1955-ல் அங்கே நடந்த ஒரு நிகழ்வுக்கு சித்தூர் மாவட்டம், ஆந்திர மாநிலம். 1956 நவம்பருக்குப் பின் ஆந்திரப் பிரதேசம். 1960-க்குப் பின் செங்கல்பட்டு மாவட்டம், சென்னை மாநிலம். 1969 முதல் தமிழ்நாடு. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம்.

1957-ல் திருத்தணியில் பிறந்த ஒருவரைப் பற்றி யாராவது கட்டுரை எழுதினால், பிறந்த இடத்தில் ஆந்திரப் பிரதேசம் என்றுதான் வர வேண்டும். அதை ஒருவர் நல்லெண்ணத்தோடு தமிழ்நாடு என்று திருத்துவார். இன்னொருவர் பழையபடி மாற்றுவார். அப்போது பேச்சுப் பக்கத்தில் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையை இணைத்து, இன்றைய மாநிலத்தை அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிட்டால் இருவரும் ஒத்துக்கொள்ள இடமிருக்கிறது.