பாஸ்போர்ட் பார்க்காத பட்டியல்: கொரியக் கூடைப்பந்தின் ‘பெஸ்ட் 5’

2024 ஏப்ரல் தொடக்கம். தென்கொரிய ஆண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான கே.பி.எல்., அந்தப் பருவத்தின் சிறந்த உள்நாட்டு வீரர் யார் என்று அறிவித்தது. பதிவானவை செய்தியாளர்களின் 111 வாக்குகள். வோன்ஜு நகரின் டிபி அணியைச் சேர்ந்த ஈதன் அல்வானோவுக்கு 50. அதே அணியின் கேப்டன் காங் சாங்-ஜேவுக்கு 47. மூன்றே வாக்குகளில் முடிவு மாறிவிட்டது.

அல்வானோ கலிஃபோர்னியாவிலிருந்து வந்த பிலிப்பைன்ஸ் வம்சாவளி வீரர். கொரியர் அல்லர். அப்படியானால் ‘உள்நாட்டு வீரர்’ விருது அவர் கைக்கு எப்படிப் போனது என்று கொரிய ரசிகர்களே பலர் கேட்டார்கள். விதிப்புத்தகத்தில் பதில் இருந்தது. ஆனால், அந்தப் பதில் எல்லோருக்கும் நிறைவாக இல்லை. அதே மேடையில், பருவத்தின் சிறந்த ஐந்து வீரர்களைச் சொல்லும் ‘பெஸ்ட் 5’ என்ற பட்டியலும் வாசிக்கப்பட்டது. அல்வானோ, காங் சாங்-ஜே இருவரும் அதில் இருந்தார்கள். அங்கே யார் எந்த நாட்டவர் என்ற கேள்வியே எழவில்லை. கொரியக் கூடைப்பந்தின் விருதுகளில் இந்தப் பட்டியலுக்கு மற்ற விருதுகளைவிடக் கூடுதல் மதிப்பு தரவேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

கே.பி.எல். 1997இல் தொடங்கியது. இப்போது 10 அணிகள். பெரும்பாலான அணிகளுக்கு நிறுவனங்களின் பெயர்தான்: எல்ஜி, எஸ்கே, ஹுண்டாய் மொபிஸ், கேடி. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வோர் அணியும் 54 லீக் ஆட்டங்கள் ஆடுகிறது. லீக் சுற்று முடிந்து, ப்ளே-ஆஃப் தொடங்குவதற்கு முன்பே விருது விழா நடந்துவிடும். செய்தியாளர்கள் வாக்களிப்பது அந்த 54 ஆட்டங்களைப் பார்த்துத்தான். கோப்பையை யார் வெல்லப்போகிறார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இதனால் ஒரு விசித்திரம் அவ்வப்போது நடக்கும். 2023-24 பருவத்தில் டிபி அணி தொடக்கம் முதல் கடைசி வரை முதலிடத்தைவிட்டு இறங்கவே இல்லை. ‘பெஸ்ட் 5’ பட்டியலிலும் மூன்று பேர் அவர்கள்தான்: அல்வானோ, காங் சாங்-ஜே, அமெரிக்கரான டெட்ரிக் லாசன். ஆனால் அரையிறுதியில் ஐந்தாம் இடத்திலிருந்து வந்த புசான் கேசிசி அவர்களைத் தோற்கடித்து, கடைசியில் கோப்பையையும் தூக்கிவிட்டது. ஐந்தாம் இடத்து அணி சாம்பியனானது லீக் வரலாற்றில் அதுவே முதல்முறை. அந்த சாம்பியன் அணியிலிருந்து ஒருவர்கூட ‘பெஸ்ட் 5’இல் இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இரண்டு வார உச்சத்தைக் கொண்டாடத் தனி விருது இருக்கிறது. ஐந்தரை மாத உழைப்புக்கு ஒரு கணக்கு வேண்டாமா?

வாக்குக்குப் பதில் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் தகராறே இருக்காதே என்று தோன்றலாம். அதற்கு 2004 மார்ச் 7ஆம் தேதியைப் பார்க்க வேண்டும். லீக் சுற்றின் கடைசி நாள். மூன்று புள்ளி எறிதலில் யார் முதலிடம் என்பதில் மூன் கியுங்-உன், ஊ ஜி-வோன் இருவருக்கும் போட்டி. இருவரும் வேறு வேறு அரங்குகளில் ஆடினார்கள். இரண்டு இடத்திலும் எதிரணி தடுப்பாட்டத்தைத் தளர்த்திவிட்டது. சொந்த அணியோ பந்தை ஒரே ஆளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடிந்தபோது மூன் 22 மூன்று புள்ளி எறிதல்களுடன் 66 புள்ளிகள். ஊ ஜி-வோன் 21 எறிதல்களுடன் 70 புள்ளிகள். அதே நாளில் கிம் ஜூ-சுங் ஒரே ஆட்டத்தில் 11 எறிதல்களைத் தடுத்தார் (பிளாக்). மூவருமே கொரியா கொண்டாடிய பெரிய வீரர்கள். இப்படியொரு நாள் அவர்களுக்குத் தேவையே இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். மூன்று புள்ளி, பிளாக் பிரிவுகளுக்கான விருதை லீக் அந்த ஆண்டு வழங்கவில்லை. ஆனால் அன்றைய எண்கள் பதிவேட்டில் இன்றும் இருக்கின்றன. எண்ணுக்கு மட்டும் பரிசு என்று வைத்தால் எண்ணையே சமைத்துவிடுவார்கள் என்பதை அன்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். செய்தியாளரின் வாக்கிலும் பிசகு வரலாம். ஆனால் ஒரு பின்மதிய ஏற்பாட்டில் 54 ஆட்டங்களின் அபிப்பிராயத்தை மாற்ற முடியாது.

ரசிகர்களுக்கும் தனி வாக்கு உண்டு, ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு. அங்கே லீ சாங்-மின் தொடர்ந்து ஒன்பது முறை முதலிடம் பிடித்தார். 2021-22இல் ஹோ உங் 1,63,850 வாக்குகள் பெற்று, லீ சாங்-மின் வைத்திருந்த வாக்குச் சாதனையை முறியடித்தார். அது அன்பின் அளவு. ‘பெஸ்ட் 5’ ஆட்டத்தின் அளவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

சரி, நாட்டவர் விஷயத்துக்கு வருவோம். கே.பி.எல். முதல் பருவத்திலிருந்தே வெளிநாட்டு வீரர்களை அனுமதித்த லீக். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். உயரமும் உடல்பலமும் தேவைப்படும் வேலையெல்லாம் அவர்களிடம் போய்விடும், கொரிய வீரர்களுக்கு விருதே மிஞ்சாது என்ற அச்சம் லீக்குக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் சிறந்த வீரர் விருது இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று.

இந்த அச்சம் சில சமயம் எல்லை மீறியும் போனது. 2018-19 பருவத்துக்கு ஓர் உயர வரம்பு கொண்டுவந்தார்கள். ஓர் அணியின் இரண்டு வெளிநாட்டு வீரர்களில் ஒருவர் 200 செ.மீ.க்கு மேலும், மற்றவர் 186 செ.மீ.க்கு மேலும் இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளிச் சராசரி வைத்திருந்த டேவிட் சைமனை அளந்தார்கள். 202.1 செ.மீ. சுமார் இரண்டு சென்டிமீட்டருக்காக அவர் கொரியாவைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. உலகப் பத்திரிகைகள் எழுதி, லீக்குக்குத் தலைகுனிவு ஏற்பட்ட பிறகு, ஒரே பருவத்தில் அந்த விதி கைவிடப்பட்டது. கூடைப்பந்தில் உயரத்துக்குத் தண்டனை என்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

2020-21இல் ‘ஆசிய ஒதுக்கீடு’ வந்தது. முதலில் ஜப்பான் வீரர்களுக்கு மட்டும். 2022-23இல் பிலிப்பைன்ஸுக்கும் கதவு திறந்தது. ஆசிய ஒதுக்கீட்டில் வருபவர் வெளிநாட்டு வீரர் கணக்கில் சேர மாட்டார். விருதுகளிலும் உள்நாட்டவர் வரிசையில்தான் நிற்பார். அல்வானோவுக்கு உள்நாட்டு விருது போனது இந்த வழியாகத்தான். அதற்கு முந்தைய ஆண்டே, ஹுண்டாய் மொபிஸ் அணிக்கு வந்த பிலிப்பைன்ஸ் கார்டு (பந்தைக் கொண்டுசெல்லும் வீரர்) ஆர்.ஜே. அபாரியென்டோஸ் சிறந்த புதுமுக வீரர் விருதை வாங்கியிருந்தார்.

ஆக, உள்நாடு, வெளிநாடு என்று பிரித்துக் கொடுக்கும் விருது, யார் உள்நாட்டவர் என்ற விதி மாறும்போதெல்லாம் தானும் மாறுகிறது. ‘பெஸ்ட் 5’க்கு அந்தச் சிக்கல் இல்லை. ஐந்து இடம், பத்து அணி, எல்லோரும் ஒரே வரிசை. 2023-24, 2024-25 பருவங்களின் இரண்டு பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். முதலாவதில் டிபி மூவரோடு சுவோன் கேடியின் அமெரிக்கர் பாரிஸ் பாஸ், கோயாங் சோனோவின் கொரிய கார்டு லீ ஜங்-ஹியுன். அடுத்ததில் சோல் எஸ்கே அணியிலிருந்து கிம் சுன்-ஹியுங், ஆன் யங்-ஜுன், அமெரிக்கர் ஜமீல் வார்னி, மீண்டும் அல்வானோ, சாங்வோன் எல்ஜியின் பிலிப்பைன்ஸ் வீரர் கார்ல் தமாயோ. இரண்டு பட்டியலிலும் கொரியர் இருவர்தான். லீக் இன்று யார் தோளில் நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இவர்களில் லீ ஜங்-ஹியுனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதே பெயரில் 2018-19இன் சிறந்த வீரர் ஒருவரும் இருக்கிறார், இவர் இளையவர். இவர் இருந்த டேவன் அணி வீரர்களுக்குச் சம்பளமே ஒழுங்காகக் கொடுக்க முடியாமல் தத்தளித்து, 2023 ஜூனில் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. வீரர்களை அப்படியே ஏற்றுக்கொண்டு சோனோ என்ற புதிய அணி உருவானது. புதிய அணி முதல் ஆண்டில் எட்டாம் இடத்தில்தான் முடித்தது. இவரோ ஆட்டத்துக்கு 22 புள்ளிக்கு மேல் சராசரி வைத்து, அசிஸ்டிலும் ஸ்டீலிலும் லீக்கில் முதலிடம் பிடித்தார். வெற்றி பெறும் அணிக்கே செய்தியாளர்கள் வாக்களிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டிலும் முதலிட அணிக்கு மூன்று இடம் போனதே சாட்சி. ஆனாலும் எட்டாம் இடத்து அணியின் ஒருவரை அவர்கள் தவறவிடவில்லை. 2008-09இல் ப்ளே-ஆஃபுக்கே தகுதி பெறாத அணியிலிருந்து ஜூ ஹீ-ஜங்கைச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்ததும் இதே செய்தியாளர் வாக்குதான்.

 

கொரிய இளைஞர்களுக்கு இடம் குறைகிறது என்ற வருத்தம் நியாயமானதுதான். ஆறடிக்கும் குறைந்த கிம் சியுங்-ஹியுன் 2001-02இல் புதுமுக விருதையும் சிறந்த வீரர் விருதையும் ஒரே பருவத்தில் வென்று, முந்தைய ஆண்டு கடைசி இடத்தில் கிடந்த டேகு அணியைச் சாம்பியனாக்கினார். அப்படியொரு பையன் இன்று வந்தால், அவன் அமெரிக்கர்களோடும் மணிலாவிலிருந்து வரும் கைதேர்ந்த கார்டுகளோடும் போட்டியிட வேண்டும். ஆனால் அதற்குத் தீர்வு ‘பெஸ்ட் 5’ஐயும் நாடு பார்த்துப் பிரிப்பதல்ல. அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆண்டுதோறும் ஐவர் அடங்கிய மூன்று அணிகளை அறிவிக்கிறது. கொரியா ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது. பத்து அணிகள், 54 ஆட்டங்கள் கொண்ட லீக்குக்கு ஐந்து பெயர் போதாது. அடுத்த பருவத்திலிருந்தாவது கே.பி.எல். இரண்டாவது ஐவர் பட்டியல் ஒன்றையும் அறிவிக்க வேண்டும், அதையும் பாஸ்போர்ட் பார்க்காமலேயே.