எடை குறைந்த மட்டை

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, உப்பிலியபுரம்)

ஆண்டு மலருக்கு டென்னிஸ் மட்டையைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் விடுதியில் என் தோழியர் கொல்லென்று சிரித்தார்கள். "மட்டையைப் பற்றி எழுத என்னடி இருக்கிறது? பிடித்து அடிக்க வேண்டியதுதானே!" என்றாள் ஒருத்தி. ஓராண்டுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் வலது முழங்கை வலிக்கத் தொடங்கிய பிறகுதான், கையில் பிடித்திருப்பது என்ன என்று கவனித்தேன்.

என் மட்டை கடையில் வாங்கியது அன்று. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, பொறியியல் கல்லூரியில் ஆடிய மட்டை. படிப்பு முடித்து அவர் வேலைக்குப் போனதும் அது எனக்கு வந்தது. அருமையான மட்டை. ஆனால் ஆறடி உயர அண்ணனுக்கு ஏற்றது ஐந்தடி உயரமுள்ள எனக்கு ஏற்குமா? எட்டாம் வகுப்பில் தொடங்கி ஒன்றரை ஆண்டு அதைச் சுமந்தேன். ஒன்பதாம் வகுப்பின் இறுதியில், தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலே முழங்கையின் வெளிப்புறம் சுருக்கென்று வலித்தது. தசையை எலும்போடு இணைக்கும் நாண் நைந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். 'டென்னிஸ் எல்போ' என்று இதற்குப் பெயராம். டென்னிஸ் ஆடாதவர்களுக்கும், துணி பிழிகிறவர்களுக்கும், சுத்தியல் பிடிக்கிறவர்களுக்கும்கூட வருமாம். மூன்று வாரம் ஓய்வு. அதற்குப் பிறகும் அதே மட்டையைத் தொடக் கூடாது என்று விளையாட்டுப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டு மாதம் வட்டார அளவிலான போட்டி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதே. எடை குறைந்த மட்டையாகப் பார்" என்றார்கள் சிஸ்டர்.

அது எளிதென்று நினைத்தேன். கை சரியானதும், ஊருக்குப் போய்விட்ட ஒரு தோழியின் மட்டையை அவள் அனுமதியோடு எடுத்து ஆடினேன். ஆகா, என்ன சுகம்! விசிறியைப் போல் வீசியது. சர்வீஸ் போடுவதற்குள் தோள் ஓய்ந்துபோகும் தொல்லை இல்லை. ஆனால் மறுநாள் பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவர் எதிரில் நின்று ஓங்கி அடித்தபோது கதை மாறியது. பந்து நரம்புகளின் நடுவில் பட்டால் பிழைத்தேன். இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டாலும் மட்டை கைக்குள் திருகிக்கொண்டது. பந்து வலையில் போய் விழுந்தது. வலைக்கு அருகில் நின்று வாலி அடிக்கும்போதோ மட்டையே பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதைவிட வருத்தம், பந்து எங்கே பட்டது என்றே கைக்குத் தெரியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு பூத்தொடுப்பது போல் இருந்தது.

அப்படியானால் கனமான மட்டைதான் உறுதியா? கனம் வேண்டாமென்றால் உறுதியையும் உணர்வையும் விட்டுவிட வேண்டியதுதானா?

இந்தக் கேள்விக்கு விடை நம் விளையாட்டு அறை அலமாரியிலேயே இருந்தது. அடியில் தூசு படிந்து கிடந்த பழைய மர மட்டை ஒன்றைக் கண்டேன். நம் பெற்றோர் சிலருக்கு நினைவிருக்கலாம். ஒரு காலத்தில் எல்லா மட்டைகளும் மரந்தான். இந்தியாவில் அவை பெரும்பாலும் ஜலந்தரிலும் மீரட்டிலும் செய்யப்பட்டன. நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954ஆம் ஆண்டு விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றதும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் அங்கே அரையிறுதி வரை சென்றதும் மர மட்டையால்தான். விம்பிள்டனில் கடைசியாக மர மட்டை ஆடிய ஆண்டு 1987.

விடுமுறைக்கு உப்பிலியபுரம் சென்றபோது மூன்று மட்டைகளையும் எடுத்துச் சென்றேன். மளிகைக் கடைத் தராசு சிறு எடையைச் சரியாகக் காட்டாது என்பதால் நகைக் கடைக்குப் போனோம். "பொன் நிறுக்கும் தட்டில் இதையா வைக்கச் சொல்கிறாய், பாப்பா?" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே நிறுத்துத் தந்தார். மர மட்டை 380 கிராம். அண்ணன் மட்டை 338. தோழியின் மட்டை 270.

கனமே உறுதி என்றால் மர மட்டைதான் எல்லாவற்றிலும் உறுதியாக இருக்க வேண்டும். ஆடிப் பார்த்தேன். ஓங்கி வரும் பந்து அதைப் பின்னுக்குத் தள்ளவில்லை, உண்மைதான். ஆனால் ஓரத்தில் பட்டால் அதுவும் திருகியது! 110 கிராம் கூடுதலாகச் சுமந்தும் அந்தக் குறை தீரவில்லை. அப்போதுதான் எடை எவ்வளவு என்பது பாதிக் கேள்வி என்றும், அது எங்கே இருக்கிறது என்பது மீதிப் பாதி என்றும் எனக்குப் புரிந்தது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் வியப்படையவே இல்லை. மரவள்ளித் தோட்டத்தில் மண்வெட்டியை என்னிடம் கொடுத்து, பிடியின் நுனியைப் பற்றித் தூக்கச் சொன்னார். மணிக்கட்டு நடுங்கியது. பிறகு இரும்பை ஒட்டிப் பிடித்துத் தூக்கச் சொன்னார். ஒரு கையால் சுழற்ற முடிந்தது. மண்வெட்டி ஒன்றுதான், எடையும் ஒன்றுதான்.

பள்ளிக்குத் திரும்பியதும் இயற்பியல் ஆசிரியை இதைக் கணக்காக விளக்கினார். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு 'நிலைமத் திருப்புத்திறன்' என்று பெயர். அடுத்த ஆண்டுப் பாடத்தில் வருமாம். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம், தோழியரே! எடையை அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தால் ஒருமுறை பெருக்கி, அதே தூரத்தால் மறுமுறையும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். மட்டையை வீசும் கணக்கிற்குக் கைப்பிடியின் அடியிலிருந்து 10 செ.மீ. தள்ளியுள்ள இடத்தை அச்சாகக் கொள்வது வழக்கம். அங்கிருந்து மட்டையின் உச்சி ஏறத்தாழ 58 செ.மீ. வளையத்தின் இரு பக்கங்கள், அதாவது கடிகாரத்தில் 3 மணியும் 9 மணியும் இருக்குமே, அந்த இடங்கள் ஏறத்தாழ 43 செ.மீ. 58ஐ 58ஆல் பெருக்கினால் 3364. 43ஐ 43ஆல் பெருக்கினால் 1849. ஆக, உச்சியில் வைக்கும் 5 கிராம், பக்கங்களில் வைக்கும் 5 கிராமைவிட ஏறத்தாழ இரு மடங்கு கைக்குக் கனக்கும். அதே 5 கிராமைக் கைப்பிடியில் அச்சின் மேலேயே வைத்தால் வீசும்போது அது இருப்பதே தெரியாது.

இது வீச்சின் கணக்கு. திருகலின் கணக்கு வேறு. திருகும்போது மட்டை, கைப்பிடியிலிருந்து உச்சி வரை செல்லும் நடுக்கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. ஆகவே உச்சியில் எவ்வளவு எடை வைத்தாலும் திருகலைத் தடுக்காது. நடுக்கோட்டிலிருந்து அதன் தூரம் சுழியம் அல்லவா? பக்கங்களில் வைத்தால்தான் தடுக்கும். கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி குட்டையான தடியைப் பிடிப்பதில்லை, நீண்ட கழியைக் குறுக்கே பிடித்துக்கொள்கிறார். காரணம் இதுதான்.

மர மட்டையின் குறையும் விளங்கிவிட்டது. அதன் தலை குறுகல். அளந்து பார்த்தேன், வெளி அகலம் 22 செ.மீ. தோழியின் மட்டைக்கு 25. மூன்று செ.மீ. பெரிதில்லை என்று தோன்றும், ஆனால் இருமுறை பெருக்கும்போது வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது. இதைப் பயன்படுத்திக்கொண்டவர் ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். பனிச்சறுக்குக் கட்டைகளை உலோகத்தால் செய்து புகழ்பெற்றவர். பிற்காலத்தில் டென்னிஸ் பழகியபோது, மட்டை என் கையில் திருகியது போலவே அவர் கையிலும் திருகியது! தலையை அகலமாக்கினால் திருகல் குறையும் என்று கண்டு, பிரின்ஸ் நிறுவனத்தின் மூலம் 1976இல் 110 சதுர அங்குலத் தலையுள்ள அலுமினிய மட்டையைக் கொண்டுவந்தார். மர மட்டையின் தலை 70 சதுர அங்குலத்தை ஒட்டியே இருந்த காலம் அது. ஆரம்பத்தில் பலரும் கேலி செய்தனர். 1978இல் பாம் ஷிரைவர் என்ற 16 வயதுப் பெண் அந்த மட்டையோடு அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டம் வரை சென்றார். (என்னைவிட ஒரே வயது மூத்தவர். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.) இறுதியில் கிறிஸ் எவர்ட்டிடம் தோற்றார் என்றாலும் கேலி அடங்கிவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். புது மட்டை வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். அப்பாவிடம் கேட்க மனமில்லை. தோழியோ தன் மட்டையை எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். எனவே அதையே திருத்த முடிவு செய்தேன். மட்டைகளுக்கென்றே ஈய நாடா விற்கிறார்கள். ஆனால் ஈயம் நச்சுப் பொருள், தொட்டால் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என்று ஆசிரியை எச்சரித்தார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது, துறையூரில் கார்ச் சக்கரங்களுக்குச் சமநிலை பார்க்கும் கடை நினைவுக்கு வந்தது. சக்கரம் அதிராமல் ஓட, விளிம்பில் ஐந்து கிராம் துண்டுகளை ஒட்டுவார்கள். பின்புறம் பசையும் உண்டு. நான்கு துண்டுகள் வாங்கினேன். காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டது. இரும்புதான், ஈயம் அன்று.

முதலில் ஆசைப்பட்டு நான்கையும் ஒட்டியது என் பிழை. தலை கனத்து, சர்வீஸ் தாமதமாகி, முழங்கை மறுபடி முணுமுணுத்தது. இரண்டை எடுத்துவிட்டேன். 3 மணி இடத்தில் ஒன்று, 9 மணி இடத்தில் ஒன்று, வளையத்தின் உட்புறத்தில் ஒட்டி, மேலே நாடாவும் சுற்றினேன். இப்போதும் தலைப்பக்கம் சற்று இறங்கியது. ஸ்கேலின் விளிம்பில் மட்டையைக் குறுக்காக வைத்து, அது சாயாமல் நிற்கும் இடத்தை அளந்தேன். முன்பு அடியிலிருந்து 34.5 செ.மீ.; இப்போது 35.2. கைப்பிடிக்கு மேலே மெல்லிய துணை நாடா ஒன்றைச் சுற்றினேன். அதன் எடை 6 கிராம். மீண்டும் அளந்தால் 34.6! மொத்தம் 286 கிராம். அண்ணன் மட்டையைவிட 52 கிராம் குறைவு.

இப்படி ஒட்டுவது ஆட்ட விதிக்கு மாறில்லையா என்று சிஸ்டர் கேட்டார்கள். விதிப் புத்தகத்தைப் பார்த்தோம். எடையைப் பகிர்ந்து வைப்பதற்காகச் சட்டத்தில் பொருள் பொருத்தலாம், அளவும் இடமும் நியாயமாக இருந்தால் போதும் என்றிருந்தது.

உறுதி வந்துவிட்டது. உணர்வு? இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பந்து நரம்புகளில் தங்குவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரம்தான். அதற்குள் நம்மால் எதுவும் செய்ய இயலாது. கைக்கு வந்து சேருவது பந்து விட்டுப்போன அதிர்வு மட்டுமே. அந்த அதிர்வைப் படிப்பதைத்தான் உணர்வு என்கிறோம் என்று நினைக்கிறேன். எடை குறைந்த மட்டைகளில் பல விறைப்பானவை; அதிர்வு சுள்ளென்று வருகிறது, செய்தி வருவதில்லை. ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன், தந்தையைப் போலவே 1979இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றவர். வேகமான சர்வீஸ் அவரிடம் கிடையாது. பந்தை வைக்க வேண்டிய இடத்தில் வைக்கும் மென்மையான கைதான் அவர் பலம். அந்தக் கையால்தான் 1989இல் ஆஸ்திரேலிய ஓபனில் அப்போது உலகின் முதல் நிலை வீரராக இருந்த மாட்ஸ் விலாண்டரை வென்றார். உணர்வில்லாத மட்டை அத்தகைய ஆட்டக்காரருக்கு எதற்கு?

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடியை இரு விரல்களால் இலேசாகத் தொங்கப் பிடித்து, நரம்புகளை விரல் முட்டியால் ஒவ்வோர் இடமாகத் தட்டுங்கள். பெரும்பாலான இடங்களில் கைப்பிடி கிர்ரென்று அதிரும். ஓரிடத்தில் மட்டும் சத்தமில்லாமல் இருக்கும். பந்து அங்கே பட்டால் கைக்கு வலியில்லை. நடுவில் செருகும் ரப்பர்த் துண்டு இந்த அதிர்வைப் போக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். அது நரம்பின் ஒலியை மட்டுமே அடக்குகிறது, சட்டத்தின் அதிர்வை அன்று.

உண்மையில் பயன் தந்தது, 'கட்' என்று நாம் சொல்லும் நரம்பை மாற்றியதுதான். தோழியின் மட்டையில் விறைப்பான பாலியஸ்டர் நரம்பை 56 பவுண்டு இழுவிசையில் கட்டியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, பல மெல்லிழைகள் சேர்ந்த மிருதுவான நரம்பை 50 பவுண்டில் கட்டச் சொன்னேன். முதல் பந்திலேயே தெரிந்தது. பந்து மட்டைக்குள் ஒரு கணம் அமர்ந்து எழுந்தது போலிருந்தது. ஒட்டிய எடைகளைவிட இதற்கே நான் அதிக மதிப்பெண் தருவேன்.

வட்டாரப் போட்டியில் இரண்டாம் சுற்றில் தோற்றேன். என்னைவிட நன்றாக ஆடிய பெண்ணிடம் தோற்றதால் மட்டையைக் குறை சொல்ல வழியில்லை. ஆனால் இரண்டாவது செட்டில் அவள் ஓங்கி அடித்த பந்து ஒன்று என் மட்டையின் ஓரத்தில்தான் பட்டது. மட்டை திரும்பவில்லை. பந்து வலையைத் தாண்டி அவள் பக்கம் பொத்தென்று விழுந்தது. அன்றிரவு விடுதியில் செம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். முழங்கை வலிக்கவில்லை.

இப்போது விளையாட்டு அறையிலுள்ள மட்டைகளை எல்லாம் நிறுத்து, சமநிலை பார்த்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் சீட்டு ஒட்டும் வேலையைச் சிஸ்டர் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு முடிந்தன, இன்னும் ஐந்து இருக்கின்றன. ஆறாம் வகுப்புத் தங்கைகள் பெரிய மட்டையை எடுத்துக்கொண்டு ஓடாமல், சனிக்கிழமை மாலை என்னிடம் வந்து கேட்டால் அவரவருக்கு ஏற்றதை எடுத்துத் தருவேன். வரும்போது 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று கொண்டுவரவும். என்னுடையதை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.