யாரோடு யார்?
கடல்நீர்த் தொட்டிக்கு ராஸ் மீன்களைத் தெரிவுசெய்தல்

மீன் தொட்டி என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருபவை கப்பி, தங்கமீன், ஏஞ்சல் போன்ற நன்னீர் மீன்களே. அவற்றுள் பெரும்பாலானவை பண்ணைகளில் பெருக்கப்படுபவை. கப்பியொன்று இறந்துபோனால் பக்கத்து வீட்டுத் தோழி போத்தலொன்றில் இன்னும் நான்கு குஞ்சுகளைத் தந்துவிடுவாள். கடல்நீர்த் தொட்டியின் நிலைமை அப்படியானதல்ல. அதிலும் ராஸ் என்று அழைக்கப்படும் மீன்கள் ஏறத்தாழ அனைத்துமே முருகைக்கற் பாறைகளிலிருந்து நேரடியாகப் பிடித்து வரப்படுபவை. நம் நாட்டிலும் திருகோணமலை, மட்டக்களப்பு, கற்பிட்டி போன்ற இடங்களில் சுழியோடிகள் கடலடிக்குச் சென்று அலங்கார மீன்களைச் சிறு வலைகளால் பிடிக்கின்றனர். தொட்டியில் ஒரு ராஸ் இறந்தால் கடலில் ஒன்று குறைந்தது என்றே பொருள். நீர் கெட்டுப்போவதைப் போலவே, சேரக்கூடாதவற்றை ஒரே தொட்டியில் சேர்ப்பதும் இந்த இறப்புகளுக்கு ஒரு பெரிய காரணம்.

கடல்நீர்த் தொட்டி வையுங்கள் என்று யாரையும் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. அது செலவும் பொறுமையும் கேட்கும் வேலை. ஏற்கெனவே வைத்திருப்போரும், வைத்தே தீருவேன் என்று வாப்பாவிடம் அடம்பிடித்துக்கொண்டிருப்போரும் மீனை வாங்குவதற்கு முன்னர் இதை வாசித்தால் போதும்.

ராஸ் என்பது ஒரு மீனின் பெயரல்ல. லாப்ரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களுக்கு அது பொதுப்பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும் இனங்களும் இதில் உண்டு. இரண்டு மீற்றருக்கு மேல் வளர்ந்து, இன்று அழியும் ஆபத்திலுள்ள நெப்போலியன் ராஸும் உண்டு. ஆகவே "ஒரு ராஸ் வாங்கினேன்" என்பது "ஒரு விலங்கு வாங்கினேன்" என்று சொல்வதைப் போன்றதுதான். எந்த ராஸ் என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்குக் கண்ணால் மட்டும் விடை காண முடியாது. ராஸ் மீன்கள் குஞ்சாக இருக்கும்போது ஒரு நிறம், வளர்ந்த பின்னர் இன்னொரு நிறம். சில இனங்களில் இரண்டையும் அருகருகே வைத்தாலும் ஒரே மீன் என்று நம்பமாட்டோம். கோரிஸ் அய்குலா என்ற இனத்தின் குஞ்சு வெள்ளை உடலில் இரண்டு செம்மஞ்சள் திட்டுகளுடன் பொம்மைபோல இருக்கும். கடையில் விரல் நீளத்தில் அதைக் காணும் எவருக்கும் வாங்கத் தோன்றும். ஆனால் அந்த இனம் 120 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது. நான்கு அடித் தொட்டி ஒன்றின் நீளமும் ஏறத்தாழ 120 சென்ரிமீற்றர்தான்! அதன் உறவான குயின் கோரிஸும் 60 சென்ரிமீற்றர் வரை வளரும். இவை வளர வளரக் கற்களைப் புரட்டிப்போடும். நத்தை, நண்டு, இறால் எல்லாவற்றையும் உடைத்துத் தின்னும். கடையில் நிற்கும் அளவைப் பார்க்காமல், அந்த இனத்தின் முழு வளர்ச்சி எவ்வளவு என்று கேட்பதுதான் முதலாவது வேலை. பெயரைக் கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால் அந்த மீனை வாங்காமல் வருவதே நல்லது என்பது என் எண்ணம்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, அது எப்படித் தூங்கும் என்பது. வேடிக்கையாகத் தோன்றினாலும் தொட்டியின் தரையைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். ஹலிகோரெஸ், கோரிஸ் போன்ற சாதிகளைச் சேர்ந்தவை மாலையானதும் தலைகீழாக மணலுக்குள் பாய்ந்து புதைந்து தூங்கும். ஆபத்து வந்தாலும் அங்கேதான் ஒளியும். அவற்றுக்கு 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத மென்மையான மணல் வேண்டும். கூரான முருகைக்கல் துண்டுகளைப் பரப்பிவைத்தால் பாய்கின்ற வேகத்தில் வாயும் உடலும் காயப்படும். வெறுங்கண்ணாடித் தரை அவற்றுக்குத் தூக்கமில்லாத சிறை. சிரிலாப்ரஸ் சாதியைச் சேர்ந்த பெயாரி ராஸ்களோ மணலைத் தேடுவதில்லை. கற்பொந்து ஒன்றுக்குள் நுழைந்து, தம்மைச் சுற்றிச் சீதத்தால் ஒரு மெல்லிய உறையைச் சுரந்து, அதற்குள் தூங்குகின்றன. உறவினரான கிளிமீன்களும் இப்படிச் செய்வதுண்டு. காலையில் தொட்டியில் கண்ணாடித்தாள்போல ஏதோ மிதக்கக் கண்டால் நீர் பழுதாகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. அது மீன் கழற்றிவிட்டுப்போன போர்வை.

மணலில் தூங்கும் ராஸ் புதிதாக வந்ததும் இரண்டு மூன்று நாட்கள் வெளியே வராமலேயே இருக்கலாம். செத்துவிட்டது என்று எண்ணி மணலைக் கிளறுவதே அதைக் கொல்லும் வழி. தொலைதூரப் பயணத்தால் அதன் பகலும் இரவும் குழம்பியிருக்கும். விட்டுவிட்டால் தானாக எழும்பி வரும்.

எத்தனை மீன்களை ஒன்றாக வைக்கலாம் என்பதற்கு விடை, உயர்தர உயிரியலில் நாம் ஆவலோடு கேட்கும் ஒரு விடயத்தில் இருக்கிறது. ராஸ்களில் பெரும்பாலானவை பெண்ணாக வாழத் தொடங்கிப் பின்னர் ஆணாக மாறக்கூடியவை. ரொபர்ட்சன் என்ற ஆய்வாளர் அவுஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டில் கிளீனர் ராஸ்களை அவதானித்து 1972இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓர் ஆணும் பல பெண்களும் கொண்ட கூட்டத்திலிருந்து ஆணை அகற்றியதும், பெண்களில் மூத்தது சில மணித்தியாலங்களிலேயே ஆணைப்போல நடந்துகொள்ளத் தொடங்கியது. இரண்டு மூன்று வாரங்களில் உண்மையாகவே ஆணாகிவிட்டது. அதுவரை அந்தப் பெண்களை மாறவிடாமல் தடுத்து வைத்திருந்தது ஆணின் அதட்டலே. "நீமோ" என்று நாம் அழைக்கும் குளோன் மீனில் இது தலைகீழ்: அங்கே ஆண்தான் பெண்ணாக மாறுகின்றது.

இதனைத் தொட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரே இனத்தில் இரண்டு ஆண்களை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. கடலில் தோற்றுப்போன ஆண் நீந்தி விலகிச் சென்றுவிடும். தொட்டியில் விலகிச் செல்ல இடமேது? ஓர் ஆணையும் இரண்டு பெண்களையும் வாங்குவதாயின் பெண்களை முதலில் விட்டு ஆணைக் கடைசியில் விடுவது நல்லது. ஒரே வயதான இரண்டு இளம் பெண்களை வாங்கினால் நாளடைவில் அவற்றுள் ஒன்று ஆணாகக்கூடும். அது பிழையல்ல, இயல்பு.

குணத்தைப் பொறுத்தவரை ராஸ்களை ஒரே தராசில் நிறுக்க முடியாது. மிகவும் சாதுவானவை பெயாரி ராஸ்களும் பிளாஷர் ராஸ்களும். நீரில் மிதந்துவரும் பிளாந்தனைத் தின்னும் இவை இறாலையோ முருகைக்கல்லையோ தொடுவது அரிது. நம் கடலுக்கும் இவற்றுள் பங்குண்டு. சிரிலாப்ரஸ் ரூபியஸ் என்ற செந்நிற இனம் இலங்கை, மாலைதீவு நீர்ப்பரப்புகளைச் சேர்ந்தது; 2016இல்தான் அதற்குப் பெயரே கிடைத்தது. 2022இல் மாலைதீவிலிருந்து இன்னொரு பெயாரி ராஸ் விவரிக்கப்பட்டது. அந்நாட்டு மொழியில் ரோசாப்பூவைக் குறிக்கும் சொல்லால் அது பினிபென்மா என்று பெயரிடப்பட்டது. மாலைதீவைச் சேர்ந்த ஒருவர் தம் நாட்டு மீனுக்குப் பெயர்சூட்டும் ஆய்வில் பங்கேற்றது அதுவே முதற்தடவை. பெயர் கிடைப்பதற்கு முன்பே அது அலங்கார மீன் வியாபாரத்தில் விலைபோய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த நிலையில் ஹலிகோரெஸ் ராஸ்கள். மீன்களோடு சமாதானமாக இருக்கும். சிறு நத்தைகளும் புழுக்களும் சிறு இறால்களும் அவற்றின் உணவு. முருகைக்கல்லை அரிக்கும் சில பூச்சிகளைத் தின்பதால் விரும்பி வாங்குவோரும் உளர். மூன் ராஸ் எனப்படும் தலாசோமா லூனாரே நம் கரையோரங்களில் சாதாரணமாகக் காணப்படும் அழகான மீன். வேகமாகவும் துணிச்சலாகவும் வளரும். சிறிய மீன்கள் இருக்கும் தொட்டிக்கு அது ஏற்றதல்ல.

தனியே சொல்ல வேண்டியது சிக்ஸ்லைன் ராஸ் பற்றி. ஊதா உடலில் செம்மஞ்சள் கோடுகள் ஆறு. நீளம் 8 சென்ரிமீற்றர் அளவு. விலையும் மற்றவற்றோடு ஒப்பிடுகையில் குறைவு. புதிதாகத் தொடங்குவோர் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். ஆனால் தொட்டிக்கு முதலில் வந்தது இது என்றால் முழுத் தொட்டியும் தனக்கே என்று முடிவுகட்டிவிடும். எங்கள் சாச்சா வீட்டுத் தொட்டியில் சிக்ஸ்லைன் குடியேறி நான்கு மாதங்களுக்குப் பிறகு, தம்பி தன் பெருநாள் காசில் ஒரு பயர் பிஷ் வாங்கி விட்டான். இரண்டு நாட்கள் மூலையிலேயே ஒதுங்கி நின்ற அது, மூன்றாம் நாள் காலை மேசைக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. துரத்தலைத் தாங்காமல் வெளியே பாய்ந்திருக்கிறது. இப்போது அந்தத் தொட்டிக்கு மெல்லிய வலையாலான மூடி இருக்கிறது. ராஸ்களும் பாயும் மீன்களே. மூடியில்லாத தொட்டியில் எந்த ராஸையும் வைக்கக்கூடாது.

ஆகவே யாரை எப்போது விடுகிறோம் என்பது யாரை விடுகிறோம் என்பதற்குச் சமமாக முக்கியமானது. சாதுவானவை முதலில், சண்டைக்காரன் கடைசியில். நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 255 லீற்றர். கல்லும் மணலும் இடத்தைப் பிடித்த பின்னர் நீர் 200 லீற்றர்தான் இருக்கும். கல்லும் மணலும் இட்டு, பயன்தரு பக்டீரியாக்கள் பெருகி, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகும்வரை ஒரு மாதத்துக்கு மேல் மீனில்லாமல் ஓடவிட வேண்டும். பின்னர் ஒரு சிறு கோபி மீனும் ஒரு பயர் பிஷ்ஷும். சில வாரங்கள் சென்று பெயாரி ராஸ் ஓர் ஆண், இரண்டு பெண்கள். அதன்பின் ஹலிகோரெஸ் ஒன்று. தன் இடத்தைக் காக்கத் துடிக்கும் குளோன் மீன் சோடி கடைசியில். மொத்தம் எட்டு மீன்கள். நான் இதற்குமேல் சேர்க்கமாட்டேன். சிக்ஸ்லைனுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. கலவாய், கிளாத்தி, லயன் பிஷ் ஆகியவற்றுக்கும் இடமில்லை. லயன் பிஷ் தன் வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும்.

புதியவரை நேரே கூட்டத்துக்குள் விடாமல், துளைகளிட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள்ளேயே சில நாட்கள் தொங்கவிடும் வழக்கம் உண்டு. பழையவை வந்து பார்க்கும், கண்ணாடியை முட்டும், பிறகு அலுத்துப்போகும். அந்த அலுப்பு வந்த பிறகு திறந்துவிட்டால் சண்டை பெரும்பாலும் குறைந்துவிடும். நிறமும் வடிவமும் ஒத்த இரண்டு மீன்களுக்கிடையில்தான் பகை அதிகம் என்பதால், ஒரே சாதியில் இரண்டு இனங்களை வாங்குவோர் நிறத்தில் வேறுபட்டவற்றைத் தெரிவது நன்று.

இறுதியாகக் கிளீனர் ராஸ். நீலமும் கறுப்பும் கலந்த இந்தச் சிறு மீன் பெரிய மீன்களின் உடலிலும் வாய்க்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும். ஒரு கிளீனர் ராஸ் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 ஒட்டுண்ணிகளைத் தின்பதாக ஆய்வில் கணக்கிடப்பட்டுள்ளது. "தொட்டியில் நோய் வராது" என்று சொல்லி இதை விற்கிறார்கள். ஏழெட்டு மீன்கள் உள்ள வீட்டுத் தொட்டியில் நாளுக்கு 1200 ஒட்டுண்ணிகள் எங்கிருந்து வரும்? வேறு உணவுக்குப் பழகுபவை சில. பல மெலிந்து சாகின்றன. கடலில் அது இருக்கும் பாறைக்கு எத்தனையோ மீன்கள் வரிசையில் வந்து நிற்கும். இதைப்போலவே வேடமிடும் பிளெனி மீன் ஒன்றும் உண்டு. சுத்தம் செய்வதுபோல நெருங்கி வந்து துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். கடையில் இரண்டையும் மாற்றி விற்பதுமுண்டு. வாயைப் பாருங்கள்: உண்மையான கிளீனருக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும், வேடக்காரனுக்கு வாய் மூக்கின் கீழே சுறாவுக்கு இருப்பதுபோல இருக்கும். இரண்டையுமே வாங்காதீர்கள்.

எந்த ராஸை வாங்குவதானாலும், பையில் போடும் முன் உணவு போட்டுக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் சலித்துக்கொண்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். அப்போதும் அதே தொட்டியில் நின்று, முதுகுச் சதை குழிவிழாமல், போட்ட உணவை ஓடிவந்து தின்னும் மீனையே கொண்டுவாருங்கள்.